ஓசூருக்குப் போன கேஜ்

அந்த அடையாள அட்டையை இன்னொரு தடவை காட்டுங்கள். போட்டோவில் மீசை இருக்கிறது, உங்களுக்கு இல்லையே. எடுத்துவிட்டீர்களா? எதற்கு? சரி சரி, அது உங்கள் சொந்த விஷயம். போன மாதம் எதிர் வீட்டுக்கு ஒருத்தன் காஸ் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்று இதே மாதிரி கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். போகும்போது அந்தம்மாவின் வளையல் அவனோடு போய்விட்டது. அதனால்தான் கேட்கிறேன். சேதுராமலிங்கம். பெங்களூர். சோதனைப் பிரிவு. முத்திரை நிஜம் மாதிரிதான் இருக்கிறது. உட்காருங்கள். அதில் வேண்டாம், அதற்குக் கால் ஆடும். இதில்.

எங்கள் வீட்டுக்காரர் சின்னவேடம்பட்டி ஷெட்டில் இருக்கிறார். போன் அடித்துப் பிரயோஜனமில்லை. மெஷின் ஓடினால் அவருக்குக் காது கேட்காது. மெஷின் ஓடாதபோதும் நான் பேசினால் கேட்காது, அது வேறு. சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். அதுவரை என்னிடமே கேளுங்கள். வரதராஜ் இன்டஸ்ட்ரீஸ் என்று போர்டில் அவர் பெயர்தான் இருக்கிறது. நான் இல்லாவிட்டால் அந்தப் போர்டு எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

அளவு பார்க்கிற அந்தக் கேஜ்களை யார் பேக் செய்தது என்றா கேட்டீர்கள்? நான்தான். வேறு யார்? அதற்கு வருகிறேன். எடுத்தவுடனே நடுவிலிருந்து சொன்னால் என்னை ஏதோ சந்தேகப் பிராணி என்று நினைத்துவிட்டுப் போவீர்கள். முதலிலிருந்து கேளுங்கள். காபியைக் குடியுங்கள், ஆறுகிறது.

உங்கள் வீட்டில் மிக்ஸி இருக்கிறதல்லவா? பழைய மிக்ஸியின் ஜார் புது மிக்ஸியில் உட்காருமா? உட்காராது. எனக்குப் பரணில் ஜாராகக் கிடக்கிறது, ஓடுகிற மிக்ஸி ஒன்றே ஒன்று. ராணுவத்துக்கும் அதே தலைவலி என்று இவர் ஒருநாள் வந்து சொன்னார். ஐந்தாறு கம்பெனிகளிடம் சின்னச் சின்ன டிரோன் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஒருத்தன் டிரோனில் இன்னொருத்தன் கேமரா மாட்டாது. மருந்துப் பெட்டியும் மாட்டாது. துளை வேறு, பிளக் வேறு, திருகு வேறு. மலை உச்சியில், பனியில், கையுறை போட்டுக்கொண்டு நிற்கிற சிப்பாய் கடைசியில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றித்தான் மாட்டுகிறானாம். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரிந்தாலும் கேளுங்கள். இந்த மனுஷன் அதைக் கேட்டுவிட்டு வந்து ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டவர்.

அப்புறம் ஒருநாள் நான் சிலிண்டர் மாற்றிக்கொண்டிருக்கிறேன். காலி சிலிண்டரை உருட்டித் தள்ளிவிட்டு, புதுசில் ரெகுலேட்டரை வைத்து அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது. இவர் காபி டம்ளரோடு வாசலில் நிற்கிறார். ஒரு கை கொடுப்போம் என்றில்லை. பார்த்துக்கொண்டே நிற்கிறார். "ஏம்மா, இன்னொருக்கா எடுத்துட்டு மாட்டு" என்கிறார். மாட்டினேன். "இன்னொருக்கா." எனக்கு வந்த கோபத்துக்கு ரெகுலேட்டரை அவர் தலையில் மாட்டியிருப்பேன். எந்த ஊர் சிலிண்டர் வந்தாலும் இந்த ரெகுலேட்டர் உட்காருகிறது பாரு என்று ஏதோ பூமியைக் கண்டுபிடித்த மாதிரி சொல்லிவிட்டு, காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஷெட்டுக்கு ஓடினார். உங்கள் கமிட்டி இன்றைக்குத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிற அந்தப் பூட்டு அப்படிப் பிறந்ததுதான். டிரோன் பக்கம் மூன்று பல் வைத்த ஒரு வளையம், சுமைப் பெட்டிப் பக்கம் ஒரு தட்டு. வைத்து அழுத்திக் கொஞ்சம் திருப்பினால் பூட்டிக்கொள்ளும், கரண்டும் அதிலேயே பாயும். யாருடைய சமையலறையில் பிறந்தது? எங்காவது எழுதியிருக்கிறீர்களா?

எழுதியிருக்க மாட்டீர்கள். தெரியும்.

ராணுவம் போட்ட அந்தக் கமிட்டியில் எங்களோடு சேர்த்து ஐந்து கம்பெனி. எல்லாருக்கும் பொதுவாக இந்தப் பூட்டையே வைக்கலாம், ஆனால் வரதராஜ் தன் வரைபடத்தை எல்லாருக்கும் சும்மா கொடுத்துவிட வேண்டும் என்றார்களாம். இவர் உடனே தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். எனக்கு வயிறு எரிந்தது. "உங்களுக்குப் புத்தி பேதலிச்சிருச்சா?" என்று கேட்டேன். சிரிக்கிறார். "எல்லாரும் செஞ்சாத்தான் பிரமிளா, அது பொதுவாகும். நான் மட்டும் வெச்சிருந்தா அது இன்னொரு மிக்ஸி ஜாரு, அவ்வளவுதான்" என்கிறார்.

நான் கான்வென்டில் படித்தவள் சார். எங்கள் சிஸ்டர் இமாகுலேட் பரீட்சை ஹாலில் நுழைந்ததும் முதலில் சொல்வது, இடது கையால் பேப்பரை மறைத்துக்கொண்டு எழுது. காப்பி அடிக்கிறவளுக்கு மட்டுமல்ல, காட்டுகிறவளுக்கும் சைபர். எட்டாம் வகுப்பில் பக்கத்து பெஞ்ச்க்காரி என் கணக்கை எட்டிப் பார்த்து எழுதினாள், நான் முட்டி போட்டேன். அன்றையிலிருந்து என் பேப்பரை ஒருத்தியும் பார்த்ததில்லை. இவர் கார்ப்பரேஷன் பள்ளி. எல்லாரும் ஒரே சிலேட்டில் எழுதிப் பழகியவர்கள். அந்த வித்தியாசம் சாகிறவரைக்கும் போகாது.

இப்போது ஓசூருக்கு வருகிறேன். மங்கையர்க்கரசி. நீங்கள் பார்த்திருப்பீர்கள், அந்த ஐந்தில் ஒரு கம்பெனி அவளுடையது. வேலைக்கு முழுக்க ஐ.டி.ஐ. படித்த பெண்கள். புருஷன் கல்லூரி வாத்தியாராம், வீட்டில் அவன்தான் சமையலாம். அதையே ஒருமாதிரி என்று நான் நினைத்தேன். தினம் போன். "சொல்லுங்கம்மா, சொல்லுங்கம்மா" என்று இவர் குழைகிறார். ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு மணி நேரம் யாராவது பேசுவார்களா? நடுநடுவே சிரிப்பு வேறு. ஸ்பிரிங்கில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஒரு தடவை நேரிலேயே வந்தாள். கையில் ஒரு கூடை மாம்பழம். வந்தவள் ஹாலில் உட்காரவில்லை. "அக்கா, அந்த ரெகுலேட்டரக் காட்டுங்களேன்" என்று நேராகச் சமையலறைக்குள் வந்துவிட்டாள்.

"எதுக்கு?" என்றேன்.

"வீட்டம்மா சிலிண்டர் மாத்தறதப் பாத்துத்தான் எனக்குத் தோணுச்சுன்னு சார் மீட்டிங்கில அத்தன பேரு முன்னாடியும் சொன்னாருங்கக்கா. அதப் பாக்காமப் போக முடியுமா?"

பார்த்தீர்களா? என் சமையலறையில் நடந்ததை இவர் எதற்காக அவளிடம் சொல்ல வேண்டும்? வேறு என்னென்ன சொல்லியிருப்பார்? ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்க்கிறாள், குனிந்து பார்க்கிறாள், "நீங்க அதிர்ஷ்டக்காரிக்கா" என்கிறாள். எதில் அதிர்ஷ்டம் என்று சொல்லவில்லை. மாம்பழத்தை நான் தொடவில்லை. வேலைக்காரிக்குக் கொடுத்துவிட்டேன். நல்ல பழம் என்று அவள் சொன்னாள். இருக்கட்டும்.

அப்புறம்தான் கேஜ். ஒவ்வொரு கம்பெனியும் தன் தட்டைத் தானே செய்யும். அளவு சரிதானா என்று எப்படித் தெரியும்? இவர் எஃகில் அச்சு அசலாக ஒரு வளையம் செய்து அனுப்புவார். அதுதான் கேஜ். தங்கள் தட்டை அதில் வைத்துத் திருப்ப வேண்டும். சத்தத்தோடு பூட்டிக்கொண்டால் சரி, இல்லாவிட்டால் தப்பு. நான்கு கம்பெனிக்கு நான்கு கேஜ். மூன்று வாரம் இவரே மெஷினில் நின்று தேய்த்தார், தொழிலாளியை விடவில்லை. எனக்குச் சுடிதார் எடுக்க ஒரு மணி நேரம் நிற்க முடியாத கால்.

நான்கையும் துணியில் சுற்றிப் பெயர் எழுதி இந்த மேஜையில் வைத்துவிட்டு, "பிரமி, பேக் பண்ணி பார்சல் ஆபீஸ்ல போட்டுரு, வேற யாருகிட்டயும் குடுக்காதே" என்று சொல்லிவிட்டு உங்கள் கமிட்டி மீட்டிங்குக்குப் போய்விட்டார். யாரிடமும் கொடுக்காதே. அது அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை சார். நான் அதைத்தான் செய்தேன்.

ஓசூர்ப் பொட்டலத்தைப் பிரித்தேன். பளபளவென்று இருந்தது. மற்ற மூன்றும் இப்படித்தான் இருந்திருக்கும், நான் பிரித்துப் பார்க்கவில்லை. இவ்வளவு உழைப்பையும் அந்தச் சிரிப்புக்காரி கையில் தூக்கிக் கொடுப்பதா? ஷெட்டில் கழிவுக் குவியலுக்குள் சிவப்புப் பெயின்ட் அடித்த கேஜ் ஒன்று கிடந்தது. சிவப்பு அடித்தால் அது கழித்த பொருள், வெளியே போகக் கூடாது என்று அர்த்தம். அதில் ஒரு பல்லை ஒரு முடியளவு அதிகமாகத் தேய்த்துவிட்டார் என்று ஒருநாள் சாப்பிடும்போது வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். ஆட்டோ வைத்துப் போய் அதை எடுத்து வந்தேன். நெயில் பாலிஷ் துடைக்கிற திரவத்தை ஊற்றித் துடைத்தேன். சிவப்பு சுத்தமாகப் போய்விட்டது. அதைச் சுற்றி ஓசூர் என்று எழுதி அனுப்பினேன். இவர் திரும்பி வந்து, "அனுப்பிட்டியா?" என்று கேட்டார். அனுப்பிட்டேன் என்றேன். பொய்யா அது? அனுப்பினேனே.

ஏன் காபியைக் கீழே வைத்துவிட்டீர்கள்? சர்க்கரை அதிகமா?

நீங்கள் இப்படிப் பார்ப்பதிலிருந்தே தெரிகிறது. அசல் வெளியே போய்விட்டதோ என்று பயந்துதானே கமிட்டி உங்களை அனுப்பியிருக்கிறது? போகவில்லை. ஓசூர் அசல் இங்கேதான் இருக்கிறது, இந்த வீட்டில், பத்திரமாக. இருங்கள், காட்டுகிறேன். அவசரப்படாதீர்கள். முழுசையும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அப்புறம் ராணுவம் வைத்த அந்தச் சோதனைக்கு நீங்களும் போயிருந்தீர்களா? அங்கே கம்பெனிக்காரர்கள் யாரும் பக்கத்தில் வரக் கூடாதாமே. எல்லாருடைய பெட்டிகளையும் ஒரு குவியலாகப் போட்டு, சீட்டுக் குலுக்கி, எவன் பெட்டியையும் எவன் டிரோனிலாவது சிப்பாயே மாட்டிப் பறக்கவிடுவானாம். ஓசூர்ப் பெட்டி சென்னைக் கம்பெனி டிரோனுக்கு விழுந்தது. மாட்டினார்களாம், மாட்டிக்கொண்டது. மேலே போய் ஒரு திருப்பம் திரும்பியதும் பெட்டி கழன்று விழுந்துவிட்டது. கீழே நின்ற ஹவில்தாருக்குத் தோளில் அடி. எலும்பு முறிவுதான். இப்போது லீவில் வீட்டில் இருக்கிறாராமே, பெண்டாட்டி பிள்ளைகளோடு. மற்ற நான்கு கம்பெனிப் பெட்டிகளும் ஒழுங்காகப் பூட்டின. இவள் பெட்டி மட்டும் விழுந்தது. ஓசூர்க் கம்பெனியை உடனே நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

நான் என்ன நினைப்பேன்? சரி, கடவுள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று நினைத்தேன்.

ஆனால் இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? அந்தச் சேதி வந்த அன்றைக்குப் பால்கனியில் நின்று உங்கள் பெரிய அதிகாரியிடம் போனில் கெஞ்சுகிறார். துணி காயப்போடுகிற மாதிரி நின்று நான் கேட்டேன். "அந்தம்மாவ நிறுத்தாதீங்க சார். அவங்க என்னோட கேஜ வெச்சுத்தான பாத்திருக்காங்க? தப்பு என் பக்கம் இருக்கலாங்க. அந்தக் கேஜ வாங்கி அளந்து பாருங்க. என்னுது தப்புன்னா என் பூட்டையே எடுத்துருங்க." எந்தப் புருஷனாவது அடுத்தவன் பெண்டாட்டிக்காகத் தன் தலையை இப்படி நீட்டுவானா? இதற்குப் பெயர் என்ன? நீங்களே சொல்லுங்கள். பத்து நாளாக ஷெட்டே கதி. வரைபடத்தை விரித்து ஒவ்வொரு அளவாகக் கணக்குப் பார்க்கிறார், எங்கேயோ தவறிவிட்டேன் பிரமி, எங்கேன்னுதான் தெரியலை என்கிறார். ராத்திரியும் விளக்கை அணைப்பதில்லை. அவளுக்காக எரிகிற விளக்கு.

என்ன? அந்தக் கேஜ் உங்கள் பையில்தான் இருக்கிறதா? ஓ, அதை அளந்துதான் வந்திருக்கிறீர்களா.

சரி, இருங்கள். ஒன்றையும் நான் ஒளிக்கவில்லை.

இதோ. இதுதான் அசல். எங்கே வைத்திருந்தேன் தெரியுமா? நீங்கள் கல்யாணமானவர்தானே? பெண்கள் மாதாமாதம் வாங்குகிற பஞ்சு பாக்கெட்டுக்குள். எந்த ஆம்பிளையும் கை வைக்காத ஒரே இடம் வீட்டில் அதுதான். எனக்கு அதெல்லாம் நின்று மூன்று வருடம் ஆகிறது. அலமாரியில் இன்னும் பாக்கெட் இருக்கிறதே, ஏன் என்று இந்த மனுஷன் ஒருநாள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வேறு இடம் பார்த்திருப்பேன். ஓசூர் ஸ்பிரிங் மட்டும் மூன்று மைல் தள்ளி இருந்தாலும் இவர் கண்ணுக்குத் தெரியும்.

என்னையே மாட்டிப் பார்க்கச் சொல்கிறீர்களா? எனக்கென்ன பயம். இதுதான் அவள் செய்த தட்டா? நன்றாகத்தான் செய்திருக்கிறாள். முதலில் நான் அனுப்பிய கேஜில். வைத்தேன். திருப்பினேன். டிக். பார்த்தீர்களா, பூட்டிக்கொண்டது. இப்போது அசலில். வைத்தேன். திருப்பினேன். மாட்டிக்கொண்டது. சத்தம் வரவில்லை, அவ்வளவுதான். சத்தம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? தலைகீழாகப் பிடிக்கவா? பிடிக்கிறேன்.

ஐயோ, தட்டு! கண்ணாடி டம்ளர் மேலேயே! அசையாதீர்கள், காலடியில் கண்ணாடி. நீங்கள் மேஜையை ஆட்டினீர்கள். ஆட்டவில்லையா? நான் ஆட்டினேனோ என்னவோ. முடியளவு வித்தியாசத்துக்கு ஒரு தட்டு கழன்று விழுமா? விழுமாம். நீங்கள் படித்தவர், சொல்கிறீர்கள். அதனால்தானே அதை அனுப்பினேன்? சரியான அளவு அவள் கையில் போகக் கூடாது என்றுதானே? இதில் என் கணக்கு எங்கே தப்பு?

என்ன சொன்னீர்கள்?

மெதுவாகச் சொல்லுங்கள். கேஜ் செய்த கம்பெனிக்காரரே மாற்றி அனுப்பியிருந்தால் பூட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவீர்கள். அவருக்குத் தெரியாமல் இன்னொருத்தர் மாற்றியிருந்தால், பூட்டு இருக்கும், ஓசூருக்கும் மறுபடி சோதனை. ஆனால் ஆள் அடிபட்டிருக்கிறது, அதனால் மாற்றியவர் பெயர் போலீசுக்குப் போகும். அப்படித்தானே? இதை வந்தவுடன் சொல்லியிருக்கலாமே. காபி கொடுத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு கடைசியில் சொல்வது என்ன பழக்கம்? உங்கள் ஊரில் மேனர்ஸ் சொல்லிக்கொடுக்கவில்லையா?

இதோ, கேட் சத்தம். அவர்தான். வாங்க. பெங்களூரிலிருந்து ஆள் வந்திருக்கிறார். அங்கே மிதிக்காதீர்கள், கண்ணாடி. என்ன மேஜையையே பார்க்கிறீர்கள்? ஆமாம், இரண்டு கேஜ். ஆமாம், அது சிவப்பு அடித்து நீங்கள் கழித்ததுதான். ஏன் முகம் அப்படிப் போகிறது? தண்ணீர் தரவா? உட்காருங்கள் முதலில்.

நீங்கள் ஏன் சார் அவரிடம் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறீர்கள்? என்னிடம் கேட்டதையே அவரிடமும் கேளுங்கள். யார் மாற்றியது என்று கேளுங்கள். போலீஸ் என்றீர்களே, அதையும் சேர்த்தே சொல்லுங்கள், என்ன சொல்கிறார் பார்ப்போம்.

என்ன? என்னங்க சொல்றீங்க?

"எழுதிக்கோங்க சார், மாத்தி அனுப்புனது நான்தான்" என்கிறாரே! நீங்களா? நீங்கள் அன்றைக்கு ஊரிலேயே இல்லையே! அவர் ஊரில் இல்லை சார், உங்கள் கமிட்டி மீட்டிங்கில் இருந்தார், கையெழுத்துப் போட்டிருப்பார், எடுத்துப் பாருங்கள். "வீட்டம்மாவுக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க, ஏதோ பேசிட்டிருக்காங்க" என்கிறார். எனக்கா ஒன்றும் தெரியாது? துடைத்தவள் நான், சுற்றியவள் நான், பார்சல் ஆபீசில் வரிசையில் நின்றவள் நான். பேனாவை ஏன் நிறுத்திவிட்டீர்கள்? எழுதுங்கள். பிரமிளா. பிரமிளா வரதராஜ். போலீசுக்குக் கொடுங்கள், கமிஷனருக்குக் கொடுங்கள், எனக்கென்ன? நான் வருகிறேன், வந்து இதே கதையைச் சொல்கிறேன்.

என்னங்க, என் கையை விடுங்கள். உள்ளே போ என்று எனக்குச் சொல்லாதீர்கள்.

சார், இருபத்தாறு வருடமாக இந்த மனுஷனோடு குடித்தனம் செய்கிறேன். வாயைத் திறந்து ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. மளிகைக்காரன் தப்பாகக் கொடுத்த அரைக் கிலோ பருப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனவர். இன்றைக்கு முதல் தடவையாக என் கண் முன்னால் பொய் சொல்கிறார். கம்பெனி போனாலும் பரவாயில்லை என்று சொல்கிறார். யாரைக் காப்பாற்ற இந்தப் பொய்? அதைக் கேளுங்கள் அவரிடம். அந்த ஓசூர்க்காரியை விட்டால் இவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?